கூரையில் ஓதம், காரைக்குள் துரு: தளம் தாங்குமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் திரட்டிச் சொல்லிவிடுகிறேன். கட்டி 22 ஆண்டுகள் ஆன அடுக்குமாடிக் குடியிருப்பு. உங்கள் படுக்கையறைக் கூரைக்கு நேர் மேலே மாடி வீட்டுக் குளியலறை. மூன்று ஆண்டுகளாக ஓதம் பரவி, சென்ற மாதம் உள்ளங்கை அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. அந்தக் குழியில் துருவேறிய கம்பி தெரிகிறது. கம்பியைத் தேய்த்துச் சிமெண்ட் பூசி, மேலே நீர் புகாத பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். மாடி வீட்டாரோ தங்கள் தரை காய்ந்தே கிடக்கிறது என்கிறார்கள். தளம் இடிந்து விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியவை இரண்டு என்று நினைக்கிறேன். நீர் மேற்பூச்சை மட்டும் கெடுத்திருக்கிறதா, கம்பி வரை போய்த் தன் வேலையைக் காட்டிவிட்டதா என்பது ஒன்று. சரிசெய்யும் வேலையை மேலிருந்து தொடங்குவதா, கீழிருந்தா என்பது மற்றொன்று.

பழுதடைந்த கட்டடங்களைச் சோதித்துச் சீரமைக்கும் கட்டமைப்புப் பொறியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். கூரையை நேரில் தட்டிப் பார்க்காமல் சொல்லக்கூடியவை சில உண்டு, சொல்லக் கூடாதவை பல உண்டு. உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. நான்கு புறமும் உத்திரங்களின் மேல் அமர்ந்திருக்கும் சாதாரண அறைத் தளம், உள்ளங்கை அளவு காரை விழுந்த காரணத்தால் மட்டும் இடிந்து விழுவதில்லை. கொத்தனார் சொல்லும் வேலை, வரிசையிலும் தவறு, பொருளிலும் தவறு. மூன்றாவதாக, கட்டில் அந்த இடத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் பதிலை முழுதும் படிப்பதற்கு முன்பே அதை நகர்த்திவிடுங்கள். அந்தப் பகுதியில் மின்விளக்கோ மின்விசிறியோ இருந்தால் அதற்கான மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் பட்டால் கான்கிரீட் கரைந்துபோகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியில்லை. அணைகளும் துறைமுகத் தூண்களும் பல பத்தாண்டுகள் நீருக்குள்ளேயே நிற்கின்றன. புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்கு வலுவேறுவதே நாம் தண்ணீர் விட்டு ஆற்றுவதால்தான். நல்ல நீர் கான்கிரீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் அதிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெளியே கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் அது மெதுவான வேலை. வீட்டுத் தளத்தில் அதுவே பெரிய ஆபத்தாக வளர்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டுத் தளத்தைக் கெடுப்பது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துரு. தண்ணீர் அந்தத் துருவுக்கு வேண்டிய பொருள்களில் ஒன்று, அவ்வளவுதான்.

கம்பி ஏன் இத்தனை ஆண்டுகள் துருப்பிடிக்காமல் இருந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். நல்ல கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீர் கடும் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12.5 முதல் 13.5 வரை இருக்கும். அந்தக் காரத்தில் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவைத் தடுத்து நிற்கும். ஈரம் பட்டாலும் அந்தப் படலம் இருக்கும்வரை கம்பிக்குப் பெரிய கேடு இல்லை. படலம் அழிவதற்கு வழக்கமான வழிகள் இரண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மெல்ல உள்ளே நுழைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைப்பது ஒரு வழி. இதைக் கார்பனேற்றம் என்கிறோம். குளோரைடு, அதாவது உப்பின் கூறு, கம்பி வரை போய்ச் சேர்வது மற்றொரு வழி.

கார்பனேற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கூரையின் கதை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இது கான்கிரீட்டின் வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி நகரும் ஒரு எல்லைக்கோடு போன்றது. அது கடந்த ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. நடுத்தரமான ஒரு கான்கிரீட்டில் முதல் ஆண்டில் 4 மி.மீ. ஆழம் போகிறது என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. போக 25 ஆண்டுகள் ஆகும். தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே கான்கிரீட் மறைப்பு, கட்டுமான இடத்தில் ‘கவர்’ என்று சொல்வது, வழக்கமாக 20 மி.மீ. வைக்கப்படுகிறது. அதே கான்கிரீட்டில் கவர் பாதியாகி 10 மி.மீ. ஆகிவிட்டால், கார்பனேற்றம் கம்பியைத் தொட ஆறு ஆண்டும் சில மாதமும் போதும். பாதிக் கவர் என்றால் பாதிக் காலம் என்று நினைப்போம். கணக்கு நாலில் ஒரு பங்கு என்கிறது. கான்கிரீட் போடும் நாளில் கம்பிக்கு அடியில் கவர் கட்டை வைக்காமல் விட்டதன் விலையை, அந்த வீட்டில் பிறகு குடியிருப்பவர் கொடுக்கிறார். கூரையின் அடிப்பூச்சும் பெயிண்டும் இந்த நகர்வைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்திவிடாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு முரண் இருக்கிறது. கார்பனேற்றம் வேகமாக நடப்பது நனைந்த கான்கிரீட்டில் அன்று. ஒப்பு ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை உள்ள, ஓரளவு காய்ந்த கான்கிரீட்டில்தான். துளைகளில் நீர் நிறைந்திருந்தால் வாயு நுழைய இடமில்லை. கம்பி துருப்பிடிப்பதற்கோ அதைவிட அதிகமான ஈரம் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். ஆகவே நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் இடம்தான் அதற்கு வாகானது. உங்கள் படுக்கையறைக் கூரையை இப்போது நினைத்துப் பாருங்கள். முதல் 19 ஆண்டுகள் அது காய்ந்திருந்தது; அந்தக் காலத்தில் கார்பனேற்றம் கீழிருந்து ஏறிக் கம்பியைத் தொட்டிருக்கக்கூடும்; ஆனால் ஈரம் இல்லாததால் கம்பி துருப்பிடிக்காமல் சும்மா கிடந்திருக்கும். பிறகு மேலிருந்து தண்ணீர் வந்தது. குளிக்கும்போது நனைந்து, மற்ற நேரத்தில் காய்ந்து, துரு தொடங்க வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன. பழைய கட்டடத்தில் புதிதாகத் தொடங்கிய ஒழுகல், புதுக் கட்டடத்து ஒழுகலைவிட விரைவாகக் கம்பியைத் தின்பது இதனால்தான். மூன்று ஆண்டுகள்தானே என்று உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் யாராவது சொன்னால், அந்த மூன்றுக்கு முன்னால் பத்தொன்பது இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உப்பு வழியாக வரும் கேடு வேறு வகை. கழுவாத கடல் மணலையோ உவர்நீரையோ கலவையில் பயன்படுத்தியிருந்தால் குளோரைடு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கும். கடலோரக் காற்றிலிருந்து வரலாம். பனியை உருக்க உப்புத் தூவும் நாடுகளில், கார்ச் சக்கரங்களில் ஒட்டி வாகன நிறுத்தத் தளங்களுக்குள் வரும். குளியலறைத் தண்ணீரில் அது பொதுவாகக் குறைவு. ஆனால் தரையைப் பளிச்சென்று வைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த திரவத்தை வாரந்தோறும் ஊற்றிக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்ட் இணைப்பை அரித்து வழியையும் திறக்கிறது, அந்த வழியாகக் குளோரைடையும் அனுப்புகிறது. உப்பினால் வரும் துரு கம்பி நெடுகப் பரவாமல் ஓரிடத்தில் குழிபறிக்கும் இயல்புடையது. காரை வெடிப்பதற்கு முன்பே கம்பியின் பருமன் ஓரிடத்தில் வெகுவாகக் குறைந்திருக்கலாம். அதனால் வெளியே விரிசல் இல்லை என்பதை வைத்து உள்ளே கம்பி நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

இனி, காரை ஏன் விழுந்தது என்பதற்கு வருகிறேன். துரு, தான் உருவான எஃகைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைக்கிறது. கம்பியைச் சுற்றி அந்த வீக்கம் கான்கிரீட்டை நெம்புகிறது. கான்கிரீட்டுக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுவை தாங்கத் தெரியாது. ஆகவே கவர் பிளந்து, தகடு தகடாகப் பிரிகிறது. கவரைப் பிளக்க, கம்பியின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எஃகு துருவானாலே பெரும்பாலும் போதும். 10 மி.மீ. கம்பியைச் சுற்றி அவ்வளவு போனால், அதன் குறுக்குப் பரப்பில் குறைவது ஏறத்தாழ 4 சதவீதம்தான். உங்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தி: கார்பனேற்றத்தால் வந்த துருவாக இருந்தால், காரை விழுவது கம்பி முற்றிலும் போனபின் வரும் அறிகுறியாக இல்லாமல், பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும் எச்சரிக்கையாக இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை வந்தபின் மூடிவைத்தால் அது இந்தக் கணக்குக்குள் அடங்காது.

கட்டிலை நகர்த்தச் சொன்னதன் காரணமும் இதுவே. தளம் விழுவதற்கு வெகு காலம் முன்பே கவர் விழும். பிரிந்து தொங்கும் காரைத் தகடு அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 25 மி.மீ. கனம் இருந்தால் அதன் எடை சுமார் 15 கிலோ. கூரையிலிருந்து அது உறங்குபவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. இப்போது உள்ளங்கை அளவு விழுந்திருக்கிறது என்றால், அதைச் சுற்றி எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கிறது என்பதுதான் முதலில் அறிய வேண்டியது. அதற்குக் கருவி ஒரு சிறு சுத்தியல். தலைக்கு மேல் விழாதபடி ஒதுங்கி நின்று, கண்ணாடியும் தலைக்கவசமும் அணிந்து, மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் காலிப் பெட்டியைத் தட்டியது போலப் பொத்பொத்தென்று ஒலிக்கும். ஒருமுறை, கைக்குட்டை அளவு கறை என்று அழைத்த வீட்டில் தட்டத் தொடங்கி, பொள்ளலின், அதாவது அப்படிப் பிரிந்து ஒலித்த பகுதியின், எல்லையைச் சாக்குக்கட்டியால் வரைந்துகொண்டே போனேன். கோடு அறையின் பாதியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. வீட்டுக்காரர் அன்றிரவே கூடத்தில் படுக்கத் தொடங்கினார். மறுபுறம், பயந்து அழைத்த எத்தனையோ வீடுகளில் பொள்ளல் வெறும் பூச்சோடு நின்றிருக்கிறது. பூச்சை உரித்துப் பார்த்தால் உள்ளே கான்கிரீட் கல்லாக இருந்தது. ஒலியை மட்டும் வைத்துப் பூச்சு பிரிந்ததா, கான்கிரீட் பிரிந்ததா என்று சொல்வது பழகிய காதுக்கும் கடினம். உங்கள் வீட்டில் கம்பியே தெரிவதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

தளம் இடியுமா என்ற கேள்விக்கு, எந்த வகைத் தளம் என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். கட்டும் இடத்திலேயே ஊற்றிய, நான்கு புறமும் உத்திரங்கள் தாங்கிய தளத்தில் ஓரிடத்துக் கம்பி வலுவிழந்தால் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் பகிர்ந்து போகும். தளம் தொய்ந்து, விரிசல் காட்டி, நேரம் கொடுக்கும். நேரம் கொடுக்காத வகைகளும் உண்டு. சுவரிலிருந்து நீண்டு நிற்கும் பால்கனியில் சுமை தாங்கும் கம்பி மேற்புறத்தில் இருக்கிறது. மழைநீர் தேங்குவதும் மேற்புறத்தில்தான். கான்கிரீட் போடும்போது மிதிபட்டு அந்தக் கம்பி கீழே இறங்கியிருப்பதும் அடிக்கடி காண்பது. அடியிலிருந்து பார்த்தால் பால்கனி அழகாக இருக்கும். உத்திரமே இல்லாமல் நேராகத் தூண்களில் அமரும் தட்டைத் தளங்களில், தூணைச் சுற்றியுள்ள பகுதி துளைபட்டதுபோல் திடீரென இறங்கக்கூடும். இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் உள்ள தளங்களில் வடத்துக்கு நீர் போனால் வெளியே அறிகுறி தெரியாமலேயே வடம் அறுந்துபோகலாம். அத்தகைய தளத்தில் பொறியாளர் குறித்துத் தராமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது.

தண்ணீரால் கட்டடமே விழுந்த நிகழ்வுகளைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துச் சர்ஃப்சைடைச் சொல்வார்கள். 1981இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று சரிந்து 98 பேர் இறந்தனர். நீச்சல்குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்காப்பு அடுக்கு வாட்டம் இல்லாமல் மட்டமாகப் போடப்பட்டதால் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது, அடியிலுள்ள கான்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று 2018இலேயே ஒரு பொறியாளரின் அறிக்கை சொல்லியிருந்தது. ஆனால் பிந்தைய அரசு விசாரணை, அந்தத் தளத்துக்கு வடிவமைப்பிலேயே இருக்க வேண்டிய வலு பல இடங்களில் இல்லை என்பதையும் வெளிப்படுத்தியது. கனடாவின் எலியட் லேக்கில் 2012 ஜூன் 23 அன்று ஒரு வணிக வளாகத்தின் கூரை வாகன நிறுத்தம் உடைந்து இருவர் இறந்தனர். 1980இல் திறந்த நாள் தொட்டே அந்தக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, உப்பு கலந்த நீர் கான்கிரீட் பலகைகளைத் தாங்கிய எஃகு இணைப்பை அரித்திருந்தது. இரண்டிலும் நான் காண்பது ஒன்றுதான்: தண்ணீர் தனியாக வந்து கட்டடத்தை வீழ்த்தவில்லை, ஏற்கெனவே இருந்த பலவீனமும், பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட பழுதும் அதற்குத் துணை நின்றன. உங்கள் படுக்கையறைக் கூரையை இவற்றோடு ஒப்பிட வேண்டியதில்லை. குளியலறை வழியாகக் கசிந்த நீர் ஒரு தூணின் தலைப்பகுதியையோ உத்திரத்தையோ நனைத்துக்கொண்டிருந்தால் மட்டும் நான் வேறுவிதமாகப் பேசுவேன்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில. தளம் கண்ணால் பார்க்கும்படி தொய்ந்திருப்பது. முன்பு தாராளமாகத் திறந்த கதவு மேலே உரசத் தொடங்குவது. உத்திரத்திலோ தூணிலோ கம்பியின் நெடுகே விரிசல் ஓடுவது. விரிசல் வாரத்துக்கு வாரம் அகல்வது. இரவில் வெடிக்கும் ஓசை கேட்பது. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், அறையைக் காலி செய்துவிட்டு அன்றே பொறியாளரை அழைத்து, முட்டு கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். இன்னொன்றையும் சேர்க்கலாம். சில கட்டடங்களில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய் ஓடும் அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியாலோ வேறு லேசான பொருளாலோ நிரப்பியிருப்பார்கள். 250 மி.மீ. ஆழ நிரப்பலில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருந்து அது நீரால் நிறைந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோவுக்கு மேல் கூடுதல் சுமை ஏறும். குடியிருப்புத் தளங்களை, மனிதர்களும் சாமான்களும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிட்டு வடிவமைப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தொட்டியைத் தளம் சுமந்துகொண்டிருக்கிறது.

மாடி வீட்டாரின் தரை காய்ந்திருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. டைலின் மேற்பரப்பு எப்போதும் காய்ந்துவிடும். டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்ட் இணைப்பு நீரைத் தடுக்கும் அடுக்கு அன்று, அது வழியாக இறங்கும் நீர் டைலுக்கு அடியிலுள்ள கலவையில் தங்கிப் பக்கவாட்டில் பரவும். நீரைத் தடுக்க வேண்டியது அதற்கும் கீழே இருக்கும் நீர்காப்பு அடுக்கு. அது கெடுவது நடுத்தரையில் குறைவு; வடிகால் வாய், கழிவுக்குழாய் தளத்தைத் துளைக்கும் இடம், தரையும் சுவரும் சேரும் மூலை ஆகியவற்றில்தான் அதிகம். நீர் எங்கே நுழைகிறதோ அதற்கு நேர் கீழே சொட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தளத்துக்குள் பதித்த மின்கம்பிக் குழாயின் வழியே நீர் ஓடி, நான்கு மீட்டர் தள்ளி மின்விசிறிக் கொக்கியில் சொட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதற்கு முன் இரண்டு முறை தவறான குளியலறையை உடைத்திருந்தார்கள்.

ஆகவே உடைப்பதற்கு முன் நேரத்தைக் கவனியுங்கள். இரவும் பகலும் ஒரே சீராக ஓதம் இருந்தால் அழுத்தமுள்ள குடிநீர்க் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். மாடி வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்த்தால், முள் நகர்கிறதா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். குளித்த அல்லது தண்ணீர் திறந்துவிட்ட சிறிது நேரத்தில் மட்டும் நனைந்தால் வடிகால் குழாயின் இணைப்பு. பல மணி நேரம் கழித்து மெல்ல நனைந்து மெல்லக் காய்ந்தால் நீர்காப்பு அடுக்கு. மழையோடு மட்டும் வந்தால் வெளிச்சுவர் அல்லது மொட்டைமாடி. குளிர்சாதனக் கருவியின் வடிநீரையும் மறந்துவிடாதீர்கள். நீர்காப்பைச் சோதிக்க, மாடிக் குளியலறையின் வடிகால் வாயை அடைத்து, 25 மி.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தி, 24 மணி நேரம் கீழிருந்து பார்க்க வேண்டும். அடியில் ஆழமான நிரப்பல் இருந்தால் ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று நாள் வரை விட்டுப் பார்க்க வேண்டும். நீரில் நிறம் கலந்து விட்டால் எந்த நீர் எங்கே வருகிறது என்ற வாதத்துக்கே இடமிருக்காது. சோதனையை உங்கள் முன்னிலையிலும் அவர்கள் முன்னிலையிலும் செய்யச் சொல்லுங்கள். நான் அளந்து கொடுத்த எண்களைவிட, இரு வீட்டாரும் சேர்ந்து நின்று பார்த்த பச்சைச் சொட்டு பல தகராறுகளைத் தீர்த்திருக்கிறது.

கூரையின் நிறங்களும் சிலவற்றைச் சொல்லும். வெள்ளையாகப் பூத்திருப்பது, நீர் கரைத்து வந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து படிந்தது. நீர் கான்கிரீட்டைக் கடந்து வருகிறது என்பதற்குச் சான்று, கம்பி கெட்டது என்பதற்குச் சான்று அன்று. நீண்ட நாள் சொட்டும் இடங்களில் அது உறிஞ்சுகுழல் போல உள்ளீடற்ற வெள்ளைக் குச்சிகளாகத் தொங்கும், குகைகளில் வளர்வதைவிடப் பல மடங்கு வேகமாக. அந்தச் சொட்டு கடும் காரம். கார் மேல் விழுந்தால் வண்ணம் போய்விடும். செம்பழுப்புக் கறை, அதுவும் கம்பியின் நேர்கோட்டில் வரிசையாக வந்தால், அதுதான் கவலைக்குரியது.

பொறியாளர் வரும்போது என்ன செய்வார் என்று தெரிந்திருந்தால், அவர் செய்கிறாரா என்று பார்க்கலாம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரம் மிச்சமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், கார்பனேறிய பகுதி நிறமின்றி நிற்கும். கம்பியைச் சுற்றி நிறமே வரவில்லை என்றால் மேலே சொன்ன கதை உங்கள் கூரையில் நடந்திருக்கிறது. இந்தச் சோதனை குளோரைடைக் காட்டாது. அதற்குத் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். செம்பு–செம்புச் சல்பேட் மின்முனை கொண்டு கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பதும் உண்டு. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்று கொள்வது நடைமுறை. இதை நான் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஆக்சிஜன் புகாத அளவுக்கு நீரூறிய கான்கிரீட்டிலும் அந்த எண் கீழே போகும், அங்கே துரு வேகமாக நடக்காமல் இருக்கலாம். எத்தனை கருவி வைத்தாலும், கம்பியைத் திறந்து துருவைச் சுரண்டி மிச்ச விட்டத்தை அளவுகோலால் அளப்பதற்கு நிகரில்லை. இந்தத் தளம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். இன்று எவ்வளவு வலு இருக்கிறது என்பதைக் கணக்கிடலாம். ஈரம் தொடருமா என்பது தெரியாமல் நாளையைக் கணக்கிட வழியில்லை.

கொத்தனாரின் யோசனைக்கு வருகிறேன். மேலிருந்து நீர் வந்துகொண்டிருக்கும்போது அடியில் நீர் புகாத பெயிண்ட் அடித்தால், உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் கம்பியைச் சுற்றியே தங்கும். கூரை ஓராண்டு அழகாக இருக்கும், பிறகு பெயிண்ட் கொப்பளித்து, முன்பைவிடப் பெரிய தகடாக இறங்கும். சரியான வரிசை, முதலில் மேலே கசிவை நிறுத்துவது. குளியலறையின் டைலைப் பெயர்த்து, குழாய் இணைப்புகளைச் சரிசெய்து, வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வாட்டம் கொடுத்து, நீர்காப்பு அடுக்கைச் சுவரில் குறைந்தது 150 மி.மீ. ஏறும்படி போட்டு, டைல் ஒட்டுவதற்கு முன்பே நீர் நிறுத்திச் சோதிக்க வேண்டும். பிறகு தளம் காய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் தொங்கும் காரையை மட்டும் தட்டி இறக்கிவிடலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அதன் பின்னரே கீழே வேலை. துரு இல்லாத நல்ல கம்பி தெரியும் வரை இருபுறமும் உடைத்துக்கொண்டு போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் ஒரு விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ. வரை, குடைய வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துப் பூசினால் பின்பக்கத் துரு தன் வேலையைத் தொடரும். ஓரங்களைச் சரிவாக விடாமல் நேராக வெட்ட வேண்டும். கம்பியின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், பக்கத்தில் புதுக்கம்பி சேர்ப்பதைப் பற்றிப் பொறியாளர் கணக்கிட வேண்டும். உடைக்கும் பரப்பு பெரிதானால் முட்டு கொடுத்தே உடைக்க வேண்டும். நிரப்புவதற்குச் சாதாரண சிமெண்ட் சாந்து போதாது. சுருங்காத, பாலிமர் சேர்த்த சீரமைப்புக் கலவை வேண்டும். அதற்கும் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும் என்பதைத் தலைக்கு மேல் வேலை செய்கிறவர்கள் எப்போதும் மறந்துவிடுகிறார்கள். உப்பால் வந்த துருவாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: ஓரிடத்தைச் சரிசெய்தபின், அதுவரை அந்த இடத்துத் துருவினால் காப்பாற்றப்பட்டிருந்த பக்கத்துக் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகப் புதுக்கறை வருவது இதனால்தான். அங்கே, கம்பிக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகத் துண்டுகளை உள்ளே கட்டிவைப்பதும், இன்னும் அகலமாக உடைப்பதும் வழிகள்.

விரிசலில் பாலியூரித்தேன் என்ற பிசினைச் செலுத்தி ஒரே நாளில் நிறுத்தித் தருகிறோம் என்பவர்கள் உங்களை அணுகக்கூடும். அந்த முறை பொய்யில்லை. நீரோடு சேர்ந்து நுரைத்து வழியை அடைக்கும், சில வேளைகளில் அவசரத்துக்கு நானே பரிந்துரைத்திருக்கிறேன். அது தளத்துக்கு வலுவைத் திருப்பித் தராது, துருவை நிறுத்தாது, நீரும் பெரும்பாலும் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். எபாக்சி என்ற கெட்டியாக ஒட்டும் பிசின் வலுவை ஓரளவு இணைத்துத் தரும், ஆனால் காய்ந்த, அசையாத விரிசலுக்குத்தான். துருவால் வந்த விரிசலை எபாக்சியால் ஒட்டுவதில் பொருளில்லை, உள்ளே நெம்புகோல் அப்படியே இருக்கிறது.

நாளை காலையே செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி நிறுத்துகிறேன். கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி எழுதுங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் குறுக்கே ஒரு சிறு கோடு போட்டு, அதற்கும் தேதி எழுதுங்கள். தெரியும் கம்பியின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். விழுந்த காரைத் துண்டைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருங்கள். அதன் கனத்தை அளந்தால் உங்கள் கம்பிக்கு எவ்வளவு கவர் இருந்தது என்பது தெரிந்துவிடும். பூச்சு தனி, கான்கிரீட் தனி என்று பிரித்து அளக்க வேண்டும். அந்த எண்ணும், தளம் உத்திரங்களில் அமர்ந்திருக்கிறதா, நேராகத் தூண்களில் அமர்ந்திருக்கிறதா என்ற விவரமும் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். இதைவிடத் துல்லியமாகப் பேச முடியும்.